வாலை விழுங்கும் ஜெர்மன்

பொம்மனஹள்ளியில் இறங்கியதும் என்னிடமிருந்த கன்னடத்தை எடுத்து வெளியே விட்டேன். "சார், பி.ஜி.க்கு ஹோக..." என்றேன் ஆட்டோக்காரரிடம். ஹோகு என்று முடிப்பதா, ஹோகி என்று முடிப்பதா, ஹோகபேக்கு என்று முடிப்பதா என்று பேருந்தில் வழி நெடுக யோசித்தும் ஒரு முடிவுக்கு வரமுடியவில்லை. ஓசூர் ரோட்டில் சத்தத்துக்கா பஞ்சம்? பக்கத்தில் போன தண்ணீர் லாரியின் இரைச்சலில் மிச்சத்தைக் கரைத்துவிட்டேன்.

"எங்கம்மா போவணும்? தமிழ்லயே சொல்லு," என்றார் அவர். வாணியம்பாடிக்காரராம். நம் பக்கத்து ஆள் என்று தெரிந்ததும் என் சந்தேகம் இரட்டிப்பானது. எதிரே தெரிகிற சந்துக்குப் போக அவர் மேம்பாலத்தைச் சுற்றிக்கொண்டு போனார். கேட்டால் ஒன்வே என்றார். மறுநாள் காலையில் முதல் வேலையாக நடந்து போய்ப் பார்த்தேன். ஒன்வேதான். ஆனாலும் அந்தப் பலகை கொஞ்சம் புதிதாகத்தான் இருந்தது.

இப்படிப்பட்டவள்தான் நான். ஆரணியில் ஒரு நர்சிங் ஹோமில் வார்டு பார்க்கும் நர்ஸ். ஊசி போடும் முன் மருந்து பாட்டிலை மூன்று முறை படிப்பேன். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிறவர்கள் என் வேலையில் நீடிக்க முடியாது. ஜெர்மனியில் ஒரு சிறிய ஊரில், வயதானவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லத்தில் எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார்கள். அதற்கான பி-ஒன் ஜெர்மன் மொழித் தேர்வில் படிப்பதும் எழுதுவதும் கேட்பதும் தேறிவிட்டன. பேசுவதில் மட்டும் இரண்டு முறை தோற்றுப்போனேன். மூன்றாவது முறையும் தோற்றால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டார்கள். அதனால்தான் இந்தப் பயணம். பேச்சுத் தேர்வுக்கு முந்தைய சில நாட்கள் பெங்களூரில் தங்கி, தினமும் வகுப்பு, கடைசியில் தேர்வு.

கிளம்பும்போது ஒன்பது வயது மகள் யாழினி வாசலில் வந்து நின்றாள். "கிளாஸ் முடிஞ்சா வந்துடுவியா?" என்றாள். "வந்துடுவேன்" என்றேன். தேறினால் அம்மா ஜெர்மனிக்குப் போய்விடுவாள் என்பதை அவளிடம் யாரும் சொல்லவில்லை. தேறிய பிறகு சொல்லிக்கொள்ளலாம், இப்போது எதற்கு என்று நானும் என் வீட்டுக்காரரும் பேசி வைத்திருந்தோம்.

பி.ஜி. என்று இங்கே சொல்கிற பெண்கள் விடுதி அறையில் ரேவதி இருந்தாள். தருமபுரிப் பெண், பொம்மசந்திரா பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ், பெங்களூர் வந்து பல வருஷம் ஆகிறது. பேச்சுத் தேர்வு இரண்டிரண்டு பேராகத்தான் நடக்கும். இருவரும் ஒரு விஷயத்தை ஜெர்மனில் பேசித் திட்டமிட வேண்டும். எனக்கு ஜோடி ரேவதி. முதல் பார்வையிலேயே அவள் மேல் எனக்கு நம்பிக்கை வரவில்லை. அவ்வளவு வேகமாகப் பேசினாள்.

"அக்கா, டென்ஷன் பேடா. ஸ்வல்ப நேரம் ரெஸ்ட் எடுங்க. சாயங்காலம் போயி பை-டூ காபி அடிக்கலாம்," என்றாள்.

பை-டூ என்பது இந்த ஊர் வழக்கம். ஒரு காபியை இரண்டு தம்ளரில் பாதிப் பாதியாக ஊற்றித் தருவார்கள். எங்கள் ஊரில் இப்படிக் கேட்டால் கடைக்காரர் ஏற இறங்கப் பார்ப்பார். இங்கே காரில் வந்து இறங்குகிறவர்களும் கேட்கிறார்கள். தம்ளர்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உயரம் பார்த்தேன். ரேவதி சிரித்துவிட்டு, நுரை அதிகமாக இருந்ததை என் பக்கம் தள்ளினாள். நுரையா, காபியா என்று ஊதிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தேன். காபி நன்றாகவே இருந்தது. இரவு சாப்பிட்ட சாம்பார்தான் என்னை ஏமாற்றியது. ஒரு வாய் வைத்ததும் பாயசத்தில் பருப்பு விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

வகுப்பு ஒரு பேக்கரியின் மாடியில். காரா பன் வேகும் வாசனை படியேறி வந்து பெஞ்சில் உட்கார்ந்துகொள்ளும். ஆசிரியர் ரகு சார் என்னைவிட ஐந்தாறு வயது சின்னவர். தாத்தா காலத்திலேயே அரசாங்க வேலைக்கு வந்து பெங்களூரில் தங்கிவிட்ட தமிழ்க் குடும்பம். ஒரு வாக்கியத்தைத் தமிழில் தொடங்கி, கன்னடத்தில் திரும்பி, ஜெர்மனில் நிறுத்துவார்.

தினமும் காலையில் நாங்கள் எல்லாரும் எழுந்து நின்று வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வேண்டும். "டேர் ஆல்ட்டெ மான், டேன் ஆல்ட்டன் மான், டேம் ஆல்ட்டன் மான்..." வயதான மனிதர், வயதான மனிதரை, வயதான மனிதருக்கு. தமிழில் 'வயதான' என்பது அது பாட்டுக்குச் சும்மா நிற்கும், உருபெல்லாம் மனிதருக்குத்தான். ஜெர்மன் அப்படி இல்லை. மாப்பிள்ளைக்கு மாலை போட்டால் மாப்பிள்ளைத் தோழனுக்கும் போட்டாக வேண்டும். பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை மாறினால் அதன் முன்னால் நிற்கிற அடைமொழியும் வாலை மாற்றிக்கொள்ளும். பெயர் ஆணா, பெண்ணா, இரண்டும் இல்லையா என்று ஒரு கேள்வி. எந்த வேற்றுமை என்று ஒரு கேள்வி. முன்னால் நிற்பது 'அந்த'வா, 'ஒரு'வா, ஒன்றுமே இல்லையா என்று இன்னொரு கேள்வி. எல்லாவற்றுக்கும் விடை கண்டுபிடித்த பிறகுதான் 'வயதான' என்று வாயைத் திறக்க முடியும். நான் இரண்டு முறை தோற்றதற்கும் இதுதான் காரணம். நான் விடை கண்டுபிடித்து நிமிரும்போது எதிரே இருந்தவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

முதல் நாள் வகுப்பிலேயே ஒன்றைக் கவனித்தேன். வாய்ப்பாட்டில் எல்லாரும் கணீரென்று சொல்கிறார்கள். சொந்தமாகப் பேசும்போது யாருமே வாலைச் சொல்வதில்லை. 'ஆல்ட்...' என்று சத்தமாகத் தொடங்கி, வால் வருகிற இடத்தில் குரலைத் தாழ்த்தி, அது 'எ'யா 'அன்'னா 'அர்'ரா என்று பிரம்மாவுக்கும் தெரியாதபடி முனகிவிட்டு, 'மான்!' என்று மறுபடி ஓங்கி முடிக்கிறார்கள். கோவில் பஜனையில் வரி தெரியாதவர்கள் கடைசி எழுத்தை மட்டும் பிடித்துக்கொள்வார்களே, அதன் தலைகீழ். இதில் ரேவதி கைதேர்ந்தவள். அவள் சரளமாகப் பேசுகிறாள் என்று வகுப்பே மெச்சியது. நான் பக்கத்தில் உட்கார்ந்து காதைத் தீட்டிக் கேட்டேன். அவ்வளவு ஜெர்மனிலும் ஒரு வால்கூட வெளியே வரவில்லை.

"ரேவதி, நீ கடைசில என்ன சொன்ன? 'எ'வா, 'அன்'னா?"

"ரெண்டுக்கும் நடுவுல அக்கா. அவங்களுக்கு எது வேணுமோ அத எடுத்துக்கட்டும்."

இதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த நாள் ரகு சார் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. கரும்பலகையில் ஒரு வாக்கியம் எழுதுவார். அடைமொழி வரும் இடத்தில் வாலுக்கு ஒரு கோடு போட்டுவிட்டு, "என்ன வரும்? எல்லாரும் சொல்லுங்க!" என்பார். முப்பது வாய் முனகும். "ஆங், அதேதான். ஆயித்தா? நெக்ஸ்ட்," என்று போய்விடுவார். எது அதேதான்? அவர் வாயால் ஒரு வால்கூட வரவில்லை. இவருக்கும் தெரியாதோ? மூன்றாவது தடவை தோற்கப்போகிறவள் நான். வழிகாட்டுகிறவருக்கே வழி தெரியாவிட்டால் என் கதி என்ன?

சோதித்துப் பார்க்கத் தீர்மானித்தேன். எழுந்து நின்று, "சார், 'ஒரு பழைய வீட்டோட புதுக் கதவுக்கு முன்னாடி' இதுக்கு என்ன வால்? நீங்க சொல்லுங்க," என்றேன். சார் சாக்பீஸைக் கீழே போட்டார். குனிந்து தேடினார். நிமிர்ந்து, "நல்ல கேள்வி சிஸ்டர். நீங்களே சொல்லுங்களேன்," என்றார். அவ்வளவுதான், எனக்கு உறுதியாகிவிட்டது.

அன்று சாயங்காலம் ரேவதி என்னைச் சிவாஜிநகருக்கு இழுத்துக்கொண்டு போனாள். குளிருக்கு ஒரு ஜெர்கின் பார்க்க வேண்டுமாம். தேறுவதற்கு முன் ஜெர்கினா என்று கேட்டேன். "பாக்கறதுக்கு என்னக்கா, வாங்கறதுக்குத்தானே பயம்?" என்றாள். பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் ஒரு பக்கம் கறிக்கடை, ஒரு பக்கம் துணிக்கடை, நடுவில் மனிதர்கள். எனக்கு முன்னால் போன ஓர் அம்மாள் தமிழில் தன் வீட்டுக்காரரிடம், நடைபாதை என்று ஒன்று இருந்ததே, அதை யார் விற்றது என்று கேட்டுக்கொண்டு போனாள்.

கடையில் ரேவதி பேரம் பேசியதைக் கேட்க வேண்டும். உருதுவில் தொடங்கினாள், கன்னடத்தில் குறைத்தாள், தமிழில் சலித்துக்கொண்டாள். எந்த மொழியிலும் எந்த வார்த்தையையும் அவள் முடிக்கவில்லை. "பாய், யே கித்ன... இல்ல இல்ல, ஜாஸ்தி ஆயி... பாத்துக் குடு..." கடைக்காரரும் அப்படியே பாதி வார்த்தைகளில் பதில் சொன்னார். இருவருக்கும் எல்லாம் புரிந்தது. எனக்கு மட்டும் ஒன்றும் புரியவில்லை.

"ஜெர்மனி குளிருக்கு இது தாங்குமா?" என்று நான் தெளிவாகக் கேட்டேன்.

"அம்மா, இத போட்டுக்கினு ஐஸ் பொட்டிக்குள்ள படுத்துக்கலாம்," என்றார் அவர். ஜிப்பைப் பதினைந்து தடவை இழுத்துப் பார்த்தேன். ஓடியது. உள்ளே கையை விட்டுத் தையலைத் தடவினேன். பிரியவில்லை. குறை ஒன்றும் கிடைக்காத எரிச்சலில் வாங்காமல் வந்துவிட்டேன். ரேவதி ஒன்று வாங்கினாள். திரும்பும் பேருந்தில் அதை மடியில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டாள். அவளுக்கு வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறதாம். ஜெர்மனி போய்விட்டால் கொஞ்ச நாள் யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று காலையில்தான் சொல்லியிருந்தாள். பாவமாக இருந்தது. இருந்தாலும் என் ஜோடி இப்படி வால் இல்லாமல் பேசினால் நான் எப்படித் தேறுவது என்ற கவலையும் விடவில்லை.

தேர்வுக்கு முதல் நாள் பேக்கரி வாசலில் ரகு சாரைப் பிடித்தேன். காரா பன்னும் கையுமாக மாட்டிக்கொண்டார். நேரடியாகவே கேட்டேன். "சார், தப்பா நெனச்சுக்காதீங்க. உங்களுக்கு வால் தெரியுமா, தெரியாதா?"

அவர் கோபப்படவில்லை. "நான் சொன்னா நீங்கல்லாம் என் வாயப் பாத்து எழுதிக்குவீங்க சிஸ்டர். அல்லி, அங்க எக்ஸாம் ஹால்ல, என் வாய் இருக்காதல்லவா?" என்றார். நல்ல பதில். இவ்வளவு நல்ல பதிலை ஒருவர் கையில் தயாராக வைத்திருக்கிறார் என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. பன்னைக் கடித்துக்கொண்டே தொடர்ந்தார். "உங்களுக்கு வால் மட்டும்தான் தெரியுது, மாடு தெரியல. நீங்க வாலத் தேடி முடிக்கறதுக்குள்ள மாடு மேய்ஞ்சுட்டு வீட்டுக்கே போயிடுது. வார்டுல பேஷண்ட் கீழ விழுந்தா இப்படித்தான் யோசிச்சுட்டு நிப்பீங்களா?"

"வார்டுல எனக்கு யோசனையே வராது சார்."

"ஹௌது. அப்படித்தான் இருக்கணும்," என்று சொல்லிவிட்டுப் படியேறிப் போனார். அந்தக் கதவுக்கான வாலை மட்டும் கடைசி வரை சொல்லவே இல்லை.

தேர்வு நாள் காலையில் ஆட்டோ வேண்டாம், புது மெட்ரோவில் போகலாம் என்றாள் ரேவதி. பொம்மனஹள்ளியிலேயே ஏறிக்கொள்ளலாம். இந்த ரயில் டிரைவர் இல்லாமலே ஓடக்கூடியது என்று பெருமையாகச் சொன்னாள். ஏன் சொன்னாளோ! ஆள் இல்லாத ரயிலில் எப்படி ஏறுவது? ரயில் வந்து நின்றதும் நடைமேடையின் முன்கோடி வரை ஓடிப்போய் எட்டிப் பார்த்தேன். ஒருவர் உட்கார்ந்திருந்தார். நிம்மதியாகத் திரும்பினால் கதவு மூடிக்கொண்டது. ரேவதி உள்ளே ஏறியிருந்தவள் கடைசி நொடியில் வெளியே குதித்திருந்தாள். அடுத்த ரயில் லேசில் வரவில்லை.

"அக்கா, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்ன்னு எங்கம்மா சொல்லும். உங்களுக்கு வெளிச்சத்துல கூட பேய்தான்," என்றாள். அதற்கு மேல் ரயில் வரும் திசையையே பார்த்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்தது. எனக்காக இல்லை, இந்தப் பெண்ணையும் சேர்த்துக் கவிழ்க்கப் பார்த்தேனே என்று.

மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தோம். தண்ணீர் குடிக்கக்கூட நேரமில்லாமல் எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். எதிரே இரண்டு பேர். ஒருவர் வெள்ளைக்கார அம்மாள், நரைத்த முடியைக் குட்டையாக வெட்டியிருந்தார். எங்களுக்கு வந்த விஷயம் இது: உடன் வேலை செய்பவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார், அவரைப் பார்க்கப் போக வேண்டும், என்ன வாங்கிப் போகலாம் என்று இருவரும் பேசி முடிவு செய்யுங்கள்.

ரேவதி வழக்கம்போல வேகமாகத் தொடங்கினாள். நல்ல பூக்கள் வாங்கிக்கொண்டு போகலாம் என்றாள்.

பூவா? எனக்கு எங்கிருந்துதான் வந்ததோ தெரியாது. "நைன்! கைனெ ஃப்ரிஷன் ப்ளூமன்!" என்று கத்திவிட்டேன். புதுப் பூக்கள் கூடவே கூடாது. பூ வைத்த தண்ணீரில் கிருமி வரும், பக்கத்துக் கட்டில்காரருக்கு இருமல் வரும் என்றேன். ரேவதி ஒரு நொடி திகைத்து, சரி பழம் என்றாள். அவருக்குச் சர்க்கரை இருக்கிறதா என்று உனக்குத் தெரியுமா என்றேன். கேக் என்றாள். அதற்கும் அதே கேள்வி. வீட்டிலிருந்து சூப் செய்து போகலாம் என்றாள். அவருக்கு என்ன ஆபரேஷன், சாப்பிடலாம் என்று டாக்டர் சொன்னாரா என்றேன். அவளுக்கும் ரோஷம் வந்துவிட்டது. அப்படியென்றால் வெறுங்கையோடு போகலாமா, அவர் மனசு வருத்தப்படாதா என்று ஜெர்மனில் என்னைக் கேட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்பதைவிட வெறுங்கை மேல் என்றேன். கடைசியில் ஒரு சிறிய கதைப் புத்தகம், பார்வை நேரத்தில் மட்டும், இரண்டு பேர் மட்டும் என்று ஒத்துக்கொண்டேன். அதையும் கையைக் கழுவிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும் என்றேன்.

வெள்ளைக்கார அம்மாள் சிரித்துவிட்டு ஏதோ கேட்டார். நீங்கள் கண்டிப்பான நர்ஸா என்று கேட்டார் என நினைக்கிறேன். 'கண்டிப்பான' என்பதன் வால் என் காதில் விழவில்லை. இவரும் விழுங்குகிறாரே, ஒருவேளை இவருக்கும்... என்று ஓடிய புத்தியைப் பிடித்து நிறுத்தி, ஆமாம் என்றேன்.

வெளியே படியில் இறங்கும்போது ரேவதி என் தோளைக் கட்டிக்கொண்டாள். "அக்கா, என்னா சண்ட! ஒரு எடத்துல கூட நீங்க நிக்கல தெரியுமா?" என்றாள். நான் அங்கேயே நின்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். பன்மை, முன்னால் 'கைனெ', அதனால் 'ஃப்ரிஷன்'. பூவுக்கு மட்டும் வால் சரி. மற்றவற்றை எப்படிச் சொன்னேன் என்று நினைவே இல்லை. எனக்கும் விழுங்கத் தெரியும் போலிருக்கிறது.

முடிவு வர சில நாட்கள் ஆகும் என்றார்கள். ஊருக்குக் கிளம்பினேன். ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா தாண்டவில்லை, நெரிசலில் பேருந்து நின்றது. நின்றது நின்றதுதான். ஷிப்ட் முடிந்த தொழிலாளர்கள் வண்டிகளுக்கு நடுவே புகுந்து புகுந்து போனார்கள். ஒருவன் செல்போனில், கொழம்பு மட்டும் வை, சோறு நான் வந்து வெச்சுக்கிறேன் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டு போனான். அப்போது ரேவதி அழைத்தாள். "அக்கா, அதுக்குள்ள ரிசல்ட் போட்டுட்டாங்க! ரெண்டு பேரும் பாஸ்!"

நம்பவில்லை. போனில் நானே திறந்து பார்த்தேன். பெயரின் எழுத்துகளைச் சரிபார்த்தேன். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதேதான். பக்கத்து சீட் அம்மாள், "என்னம்மா, நல்ல சேதியா?" என்றாள். தலையை ஆட்டினேன்.

வீட்டுக்கு அழைத்தேன். வீட்டுக்காரர் எடுப்பார் என்று நினைத்தேன். யாழினி எடுத்தாள்.

"அம்மா பாஸாயிட்டேண்டி."

"ஐ! அப்போ கிளாஸ் முடிஞ்சிடுச்சா? இனிமே இங்கதானே இருப்ப?"

"ஆமாண்டி... இங்கதான்... கொஞ்ச நாளைக்கு இரு..."

பக்கத்தில் நின்ற லாரி ஹாரன் அடித்தது. நல்ல நீளமான ஹாரன். மிச்சத்தை அதற்குள் விட்டேன்.

"என்னம்மா? கடைசில என்ன சொன்ன? கேக்கல."

"ஒன்னுமில்ல, இங்க ஒரே சத்தம்."

"இல்ல, நீதான் மெதுவா சொன்ன. முழுசா சொல்லு."

அந்த நேரம் பார்த்து எங்கள் டிரைவர் இன்ஜினை அணைத்தார். முன்னால் பின்னால் இருந்தவர்களும் வரிசையாக அணைத்தார்கள். லாரிக்காரரும் சலித்துப்போய்க் கையை எடுத்துவிட்டார். ஓசூர் ரோட்டில் இப்படி ஓர் அமைதியை இந்த ஒரு வாரத்தில் நான் கேட்டதில்லை. பக்கத்து சீட் அம்மாள்கூட என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஜெர்மனிக்கு வேலைக்குப் போறேன் யாழினி. நீ இங்க அப்பாகூட இருக்கணும். உன்னை அங்க கூட்டிக்க ரெண்டு வருஷம் ஆகும்."

துண்டித்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தேன். இருந்தாள்.

"நான் நம்ப மாட்டேன்," என்றாள் என் மகள். "நேர்ல வந்து சொல்லு."

போனை வைத்துவிட்டாள். முன்னால் ஒரு வண்டி நகர்ந்தது. டிரைவர் இன்ஜினைப் போட்டார்.